இ இல்லாத பட்டியல்

எங்கள் அலுவலகச் சுவர்களில் ஒரு காலத்தில் நான் எழுதிய தாள்கள் பதினொன்று ஒட்டப்பட்டிருந்தன. கடிதத்தில் பக்க எண் இடுவது எப்படி, எக்செல்லில் தலைப்பு நிரை ஒவ்வொரு பக்கத்திலும் வரச் செய்வது எப்படி, சேமிக்காமல் மூடிய கோவையை மீட்பது எப்படி என்று ஒவ்வொன்றிலும் ஒரு படிமுறை. படி ஒன்று, படி இரண்டு என்று பெரிய எழுத்தில் அடித்து, கீழே என் ஒப்பத்தையும் பதவியையும் போட்டிருந்தேன். எந்த விசையை எந்த விரலால் அழுத்துவது என்பதைத் தவிர எல்லாம் எழுதியிருந்தேன். இன்னும் கொஞ்சம் எரிச்சல் வந்திருந்தால் விரலையும் எழுதியிருப்பேன்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. நான் ஒரு முகாமைத்துவ உதவியாளர். என் மேசைக்கென்று வேலைகள் குவிந்து கிடந்தன. ஆனால் கணினி தெரிந்தவள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அந்த அலுவலகத்தில் உட்கார விடமாட்டார்கள். காலையில் கைப்பையைக் கதிரையில் மாட்டும்போதே எங்கிருந்தாவது குரல் வரும்.

"பிள்ளை, ஒருக்கா இஞ்ச வாங்கோ. அடிச்சது எல்லாம் மறைஞ்சு போச்சுது."

"என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்ல. அது தானாப் போட்டுது."

போய்ப் பார்த்தால் சாளரம் கீழே சுருங்கி நிற்கும். ஒரு சொடுக்கில் எழும்பி வரும். மறுநாளும் அதே மேசை, அதே குரல், அதே "நான் ஒண்டும் செய்யேல்ல." இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு, கனவிலும் யாரோ சொல்வது போல ஆகிவிட்டது. வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதி ஒட்டத் தொடங்கினேன். ஒட்டியும் பயனில்லை. தாளுக்கு நேர் கீழே இருந்துகொண்டு தாளில் உள்ளதையே கேட்பார்கள். "உங்களுக்கு மேல ஒட்டியிருக்கு, பாருங்கோ" என்றால், "அதை ஆர் வாசிக்கிறது? நீங்கள் வந்தா ஒரு நிமிசம்" என்பார்கள்.

அப்படி யாருமே வாசிக்காத என் தாள்களில் ஒன்றை, ஒரே ஒரு முறை, ஒருவர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினார். அதுதான் இந்தக் கதை.

அவர் காணிக்கிளையில் இருந்த மூத்த எழுதுநர். எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. தட்டச்சுப் பொறியில் பழகிய கை. அடித்தால் விசைப்பலகை மேசையில் துள்ளும். கணினி வந்த காலத்தில் எல்லாரையும் போல அவரும் அந்தப் பழைய எழுத்துருவில்தான் தமிழ் அடிக்கப் பழகியவர். ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டிய எழுத்துரு அது. இலங்கையில் கணினியில் தமிழ் அடித்த எவருக்கும் அவளைத் தெரியும்.

அவளைப் பற்றி ஒரு விடயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த எழுத்துருவில் நாம் அடிப்பது உண்மையில் தமிழ் அல்ல. கணினி தனக்குள் ஆங்கில எழுத்துக்களையும் குறிகளையும்தான் வைத்திருக்கிறது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதில் ஆங்கிலக் காற்புள்ளிக்கு மாட்டப்பட்டிருந்த தமிழ் முகம் 'இ'. காற்புள்ளி விசையை அழுத்தினால் இ விழும். உண்மையான காற்புள்ளி வேண்டுமென்றால் வேறொரு விசையைத் தேட வேண்டும்.

அண்ணைக்கு அந்த வேறு விசை எதுவென்று கடைசிவரை தெரியாது. அவர் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். முகவரி அடிக்கும்போது காற்புள்ளி வரும் இடத்தில் நிறுத்துவார். சுட்டியைப் பிடித்து எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றுவார். ஒரு காற்புள்ளியைப் போடுவார். மறுபடி சுட்டியைப் பிடித்துப் பழைய எழுத்துருவுக்குத் திரும்புவார். ஒரு முகவரியில் மூன்று காற்புள்ளி என்றால் மூன்று முறை போய் மூன்று முறை வருவார். பார்க்கும்போது எனக்குத் தலை வெடிக்கும். ஆனால் தாளில் எல்லாம் சரியாக இருக்கும். அதனால் அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு சுற்றுநிருபம் வந்தது. இனிமேல் எல்லா ஆவணமும் யூனிகோட்டில்தான் அனுப்பப்பட வேண்டும் என்று மேலிடம் சொன்னது. நல்ல விடயம்தான், நானே கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். பழைய கோவைகளை மாற்ற இணையத்தில் மாற்றிகள் உண்டு. பழைய எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டினால் மறு பெட்டியில் யூனிகோட் வரும். மாற்றி நேர்மையானது. தன்னிடம் வரும் ஒவ்வொரு காற்புள்ளியையும் அது 'இ' என்றே எடுத்துக்கொள்ளும். அண்ணை எந்த எழுத்துருவுக்குப் போய் வந்து அந்தக் காற்புள்ளியைப் போட்டார் என்ற சரித்திரம் அதற்குத் தெரியாது.

ஆகவே மாற்றிய கடிதங்களில் முகவரிகள் இப்படி வந்தன: "நாலாம் ஒழுங்கைஇ புதுக்குடியிருப்பு வீதிஇ முல்லைத்தீவு." செய்திகளிலும் அறிவித்தல்களிலும்கூட இந்த அநாதை இ-க்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரே நாளில் ஆறு பேர் என்னைக் கூப்பிட்டார்கள். ஆறு பேரும் தாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றார்கள்.

அன்றைக்குத்தான் ஒன்பதாவது தாளை எழுதினேன். நல்ல கோபத்தில் எழுதினேன்.

படி ஒன்று: கோவையைத் திறக்கவும். படி இரண்டு: கொன்ட்ரோல் விசையையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தி முழுவதையும் தெரிவு செய்யவும். படி மூன்று: கொன்ட்ரோலையும் எச்-ஐயும் அழுத்தவும், ஒரு பெட்டி வரும். படி நான்கு: மேல் கட்டத்தில் இ என்றும் கீழ்க் கட்டத்தில் காற்புள்ளி என்றும் இடவும். படி ஐந்து: ரிப்ளேஸ் ஓல்.

படி இரண்டை முதலில் நான் வேறு மாதிரித்தான் எழுதியிருந்தேன். முகவரி உள்ள பகுதியை மட்டும் தெரிவு செய்யவும், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றவும் என்று இருந்தது. எழுதிவிட்டு யோசித்தேன். பகுதியை மட்டும் தெரிவு செய் என்றால் இவர்கள் எங்கே செய்யப் போகிறார்கள்? சுட்டியை இழுக்கும்போது கை நழுவும், பாதியில் விட்டுவிடும், பிறகு "பிள்ளை, ஒருக்கா இஞ்ச வாங்கோ." அந்த வரியை வெட்டினேன். முழுவதையும் என்று போட்டேன். எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். அந்த வெட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நான் மூன்று நாள் லீவில் நின்றேன். அந்த மூன்று நாளுக்குள் மேலிடத்திலிருந்து அவசரக் கடிதம் வந்திருக்கிறது. காணி அனுமதிப்பத்திரம் வழங்குவதற்கான பெயர்ப்பட்டியலை யூனிகோட்டில், உடனே அனுப்பும்படி. இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். காடாக இருந்ததை வெட்டிக் குடியேறி, சண்டையில் எழும்பி ஓடி, திரும்பி வந்து, தாள் எதுவும் இல்லாமல் இத்தனை வருடம் இருந்தவர்கள். இந்தமுறை தவறினால் அடுத்தமுறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அண்ணையிடம் பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்தது. என்னைக் கூப்பிட முடியாது. முதல்தடவையாக அவர் எழும்பிப் போய்ச் சுவரைப் பார்த்திருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது பட்டியல் போய்விட்டிருந்தது. ஒரு பிரதி வெளி விறாந்தையில் அறிவித்தல் பலகையில் தொங்கியது. அண்ணை பெருமையாகச் சொன்னார்.

"நீங்கள் இல்லாமலே செய்து போட்டன் பிள்ளை. உங்கட பேப்பர் நல்ல பேப்பர்."

உண்மையைச் சொன்னால் எனக்குப் புளகாங்கிதமாக இருந்தது. அன்று பின்னேரம் பஸ்ஸில் போகும்போதும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு அம்மா வரத் தொடங்கினார்.

முதல் இரண்டு தடவை அவர் வந்தது அண்ணை சொல்லித்தான் தெரியும், நான் கவனிக்கவில்லை. காணிக்கிளைக்கு முன்னால் உள்ள வாங்குப் பலகையில் எப்போதும் யாராவது இருப்பார்கள். மூன்றாம் தடவை அவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றதால்தான் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். நாளுக்கு இரண்டு பஸ் மட்டும் ஓடும் ஒரு குடியேற்றத் திட்டத்திலிருந்து வருகிறவர். பெற்றோர் காலத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். இங்கேயே வளர்ந்து, கட்டி, வயல் செய்து, இரண்டு தடவை ஓடித் திரும்பியும் பேச்சில் அந்த மலை இன்னும் இருந்தது. கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் கடதாசிகள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இ-யில் தொடங்கும், அடுத்தது ரா. அவ்வளவு தெரிந்தால் போதும்.

பட்டியலில் அவர் பெயர் ரா-வில் தொடங்கியது. அடையாள அட்டையில் இரா என்று இருந்தது. அட்டை எண் ஒன்றுதான், காணியும் ஒன்றுதான். ஆனால் பெயரில் ஒரு எழுத்து வேறுபட்டால் பத்திரம் கொடுக்க முடியாது என்பது விதி. இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரும்படி அண்ணை முதல்தடவை அனுப்பியிருந்தார். இரண்டாம் தடவை அதைக் கொண்டு வந்தபோது பிறப்புச் சான்றிதழும் வேண்டும் என்று திருப்பியிருந்தார். தோட்டத்து லய வீட்டில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது?

"மிஸ், நீங்கதான் கம்பியூட்டர் பாக்குறவங்களா?"

"ஓம், சொல்லுங்கோ அம்மா."

"அந்த நோட்டீஸ் போட்டுல இருக்கிற லிஸ்ட்டுல ஒரு எழுத்து இல்லீங்க."

"தெரியும் அம்மா. அண்ணை சொன்னவர். உங்கட பேரில முதல் எழுத்து இல்லை. பிறப்புச் சான்றிதழ் கொண்டு வந்தா..."

"என் பேருல மட்டும் இல்லீங்க. அந்த எழுத்து எங்கயுமே இல்ல."

எனக்கு மேசையில் ஆயிரம் வேலை. என் குரலில் இருந்த சலிப்பு இப்போதும் எனக்குக் கேட்கிறது.

"அம்மா, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"தெரியாதுங்க."

"பிறகென்னண்டு எங்கயும் இல்லை எண்டு சொல்லுறியள்?"

அவர் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். "எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு எழுத்து மட்டும் தெரியும். கைநாட்டு வைக்க வெக்கமா இருந்துச்சு. மக அந்த மொத எழுத்த மட்டும் பழக்கி விட்டா. அத வெச்சுத்தான் கையெழுத்துப் போடுறேன். அதனால எங்க போனாலும் அந்த எழுத்தத்தான் தேடிப் பாப்பேன். கடை போட்டுல, பஸ்ஸுல, எதுல எழுதியிருந்தாலும் ஒன்னு ரெண்டு இருக்கும். இந்த லிஸ்ட்டுல ஒன்னுகூட இல்ல. ரெண்டு நாளா நின்னு பாத்துட்டேன். ஒன்பது பேப்பரு. ஒன்னுகூட இல்ல."

அவரை அனுப்பிவிடும் நோக்கத்தில்தான் கோவையைத் திறந்தேன். இந்தா பாருங்கோ என்று ஒரு இ-யைக் காட்டிவிட்டால் எழும்பிப் போய்விடுவார். கொன்ட்ரோலையும் எஃப்-ஐயும் அழுத்தினேன், தேடும் கட்டத்தில் இ என்று அடித்தேன். எதுவும் இல்லை என்றது கணினி. அடித்ததில் பிழை என்று அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். எதுவும் இல்லை. இருநூறு தமிழ்ப் பெயர்கள், தகப்பன் பெயர்கள், முதலெழுத்துக்கள், முகவரிகள், ஒன்பது பக்கம். ஒரு இ-யும் இல்லை. அப்படி ஒரு தமிழ்ப் பட்டியல் இருக்க முடியாது.

பிறகுதான் தலைப்பு நிரையைப் பார்த்தேன். காணி இலக்கத்துக்கு 'காணி இல.' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'காணி ,ல.' என்று இருந்தது.

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். ஒன்பதாம் தாள், என் ஒப்பத்துடன், நாலு மூலையும் நேராக ஒட்டப்பட்டு நின்றது. முழுவதையும் தெரிவு செய்யவும்.

முகவரிகளில் அநாதையாக நின்ற இ-க்களோடு சேர்த்து, பெயர்களின் தலையில் நின்ற இ-க்களும் போயிருந்தன. இரா என்று தொடங்கியவர்கள் ரா ஆனார்கள். இல என்று தொடங்கியவர்கள் ல ஆனார்கள். தகப்பன் பெயருக்கு இ. என்று முதலெழுத்து போட்டவர்களுக்கு அதுவும் இல்லை. கொடுமை என்னவென்றால், வெட்டுப்பட்ட பிறகும் அவை நல்ல பெயர்களாகவே இருந்தன. இ இல்லாமலும் ஊரில் அந்தப் பெயர்கள் புழங்குகின்றன. வேறு எந்த எழுத்துப் போயிருந்தாலும் பார்த்த கண்ணுக்குக் குத்தியிருக்கும். இது யாருக்கும் குத்தவில்லை.

அண்ணையிடம் போனேன். "அண்ணை, தலைப்பில நிக்கிற மாதிரிப் பேருகளுக்கு முன்னாலயும் காற்புள்ளி ஏதும் நிண்டதோ?"

"ஓம் பிள்ளை, நிண்டது. முப்பது நாப்பது பேருக்கு. கொம்பியூட்டர் விட்ட பிழை எண்டு ஒவ்வொண்டாப் பாத்து அழிச்சனான். ஒரு பின்னேரம் முழுக்க." அவர் முகத்தில் நல்ல வேலை செய்த திருப்தி இருந்தது. "தலைப்பிலயும் ஒண்டு நிண்டதோ? அது கண்ணில படேல்ல."

"அதை என்னட்டக் கேட்டிருக்கலாமே!"

"நீங்கள் லீவெல்லோ. பேப்பரில இருந்த மாதிரித்தான் செய்தனான். ஒண்டும் கூடக்குறையச் செய்யேல்ல."

இத்தனை வருடமாக எனக்கு எரிச்சலூட்டிய அந்த வாக்கியம் முதல்தடவையாக ஏறக்குறைய உண்மையாக இருந்தது. எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பழைய கோவையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். முப்பத்தேழு பேர். அதில் பதினாறு பேர் ஏற்கெனவே சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதாவது, எங்கள் பிழையால் உண்டான ஒரு பெயரைத் தங்களுடைய இன்னொரு பெயர் என்று, நீதவான் முன் நின்று, சத்தியம் செய்து ஒப்பமிட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் கடதாசியை எடுத்துப் பார்த்தேன். கீழே ஒப்பம் இடும் இடத்தில் தனியே ஒரு இ, பெரிதாக, கொஞ்சம் சரிந்து.

அலுவலகத் தலைவரிடம் போனேன். சேர் நல்லவர்தான். சத்தம் போட மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப பட்டியல் பிழை எண்டு எழுதினா முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்பிப் போடுவினம். இருநூறு பேருக்கும் பிந்தும். மிச்ச இருபத்தொரு பேரிட்டையும் சத்தியக் கடதாசி வாங்கிறதுதான் சுகம்."

"சேர், அவையள் என்ன பிழை விட்டவை? பிழை எங்கடை. ஒரு கடிதம் எழுதினாப் போதும்."

"உந்தப் படிமுறையை ஆர் எழுதினது?"

"நான்தான் சேர்."

"ஒப்பமும் வைச்சிருக்கிறீங்கள்."

"ஓம் சேர்."

முப்பத்தேழு பேரை பஸ் ஏற்றி, நீதவானைத் தேடி அலையவிட்டு, இல்லாத ஒரு பெயருக்குச் சத்தியம் செய்ய வைப்பது சுகம். ஒரு அலுவலகம் ஒரு வரி எழுதி, பிழை எங்களுடையது என்று சொல்வது கஷ்டம். இதை நான் வாய்விட்டே சொன்னேன். குரலும் உயர்ந்துவிட்டது. அடுத்த அறையில் விசைப்பலகைகள் நின்றது எனக்குக் கேட்டது. கடைசியில் சேர் திருத்தக் கடிதத்துக்குச் சம்மதித்தார். "தட்டச்சுத் தவறு" என்று போடச் சொன்னார். கையில் இருந்த பதினாறு சத்தியக் கடதாசிகளையும் ஆதாரமாகச் சேர்த்து அனுப்பச் சொன்னார்.

"அது வேண்டாம் சேர். அதை அவையளிட்டத் திருப்பிக் குடுப்பம்."

"கோவைக்கு வந்த கடதாசி கோவையை விட்டுப் போகாது. உங்களுக்குத் தெரியாததே?"

தெரியும். அனுப்பினோம்.

அன்று வீட்டுக்குப் போக முன் ஒன்பதாம் தாளைக் கிழித்தேன். பசை பலமாகப் போட்டிருந்ததால் முழுதாக வரவில்லை. படி ஐந்தின் பாதி இன்னும் சுவரில் இருக்கிறது.

பத்திரம் வழங்கும் நாளில் அந்த முப்பத்தேழு பேருக்கும் பத்திரம் வரவில்லை. பந்தல் போட்டு, மாலை போட்டு, ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள். அந்த அம்மா நல்ல சேலை கட்டி, மகளோடு இரண்டாம் வரிசையில் இருந்தார். வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். சொல்லியும் வந்திருந்தார். கடைசிப் பெயர் வாசிக்கும்வரை இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினார். நான் பந்தல் ஓரம் குளிர்பானப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். அவர் கண்ணில் படக்கூடாது என்று நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பத்திரங்கள் ஒரு காக்கி உறையில் வந்தன. பிரித்து முதலில் அவருடையதைத் தேடினேன். இ இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டு, மிச்சத்தை வாசித்தேன். மேலிடத்தில் யாரோ மிகக் கவனமானவர் இருந்திருக்கிறார். திருத்தக் கடிதத்தையும் பார்த்து, சத்தியக் கடதாசியையும் பார்த்து, இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருந்தார். அந்த அம்மாவின் பெயர் இ-யுடன் ஒருதரம். பிறகு 'எனப்படும்' என்ற சொல். பிறகு இ இல்லாமல் இன்னொரு தரம். சத்தியக் கடதாசி கொடுத்த பதினாறு பேருக்கும் அப்படித்தான். கொடுக்காமல் சும்மா இருந்த இருபத்தொரு பேருக்கும் பெயர் சரியாக வந்திருந்தது. சொன்ன சொல் கேட்டு அலைந்தவர்களுக்குத்தான் பிழை நிரந்தரமாகியிருந்தது.

சேரிடம் காட்டினேன். "சட்டப்படி செல்லும்" என்றார். "திரும்ப அனுப்பினா ஒரு வருசம்."

அந்த அம்மா வெள்ளிக்கிழமை வந்தார். பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். விரலால் வரிவரியாகத் தேடி, பெயர் இருந்த இடத்தில் நிறுத்தினார்.

"இருக்குங்க" என்றார். முகம் விரிந்தது. "மிஸ், வாசிச்சுக் காட்டுங்க."

முதல் பெயரோடு நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்குத் தெரியவா போகிறது? ஆனால் அந்த விரல் அடுத்த சொல்லில் காத்துக்கொண்டு நின்றது. முழுதாக வாசித்தேன். இரண்டு பெயரையும்.

அவர் விரலை எடுக்கவில்லை.

"ரெண்டாவது சொன்னீங்களே, அவ யாருங்க?"

"அதுவும் நீங்கள்தான் அம்மா. பட்டியலில பிழையா வந்ததெல்லோ, அந்தப் பேர்."

"நான்தான் மொதல்லயே இருக்கேனே."

"ஓம். அது... ரெண்டும் ஒரே ஆள் எண்டு அர்த்தம்."

அண்ணை தன் மேசையில் குனிந்து எதையோ தேடுவது போல இருந்தார்.

"அவளுக்கும் இந்தக் காணியில பங்கு இருக்கா?"

"ஐயோ, இல்லை அம்மா. அப்பிடி ஒரு ஆளே இல்லை."

"நீங்க சொல்றீங்க. நாளைக்கு நான் செத்தப்பறம் எவளாச்சும் இந்தப் பேர வெச்சுக்கிட்டு வந்து நின்னா, எம் மக யார்கிட்ட போய்க் கேப்பா?"

அப்படி எல்லாம் நடக்காது என்று சொல்லலாம். ஒரு எழுத்துக்காக அவரை இரண்டு தடவை திருப்பி அனுப்பிய இடத்தில் இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது?

"அப்படி ஒருத்தி இல்லேன்னு எழுதிக் குடுங்க" என்றார். "நான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தேன்ல? நீங்களும் ஒன்னு எழுதிக் குடுங்க. சீல் வெச்சு."

உள்ளே போய்ச் சேரிடம் சொன்னேன். இப்படி ஒரு கடிதத்துக்கு மாதிரிப் படிவம் இல்லை என்று சேர் தொடங்கினார். நான் வாசலிலேயே நின்றேன். படிவத்தை நானே செய்வேன் என்றேன். முப்பத்தேழு பேரின் பட்டியலில் பதினாறு பேருக்கு இதே கடிதம் வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அடிச்சுக் கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றார்.

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். யாரும் பின்னால் நின்று திரையைப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது. அன்று கதிரையைச் சற்று விலக்கி அவருக்கு இடம் விட்டேன்.

இப்படியான கடிதங்கள் எங்கள் அலுவலகங்களில் எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். 'இத்தால் உறுதிப்படுத்துவது யாதெனில்.' யூனிகோட்டுக்கு மாறியும் பழைய விசைப்பலகை அமைப்பையே வைத்திருக்கிறேன். விரல் தானாகக் காற்புள்ளி விசைக்குப் போனது. வெள்ளைத் திரையில் தனியாக ஒரு இ விழுந்தது.

அவர் குனிந்து பார்த்தார்.

"மொத எழுத்து சரிங்க" என்றார். "மத்ததையும் ஒழுங்கா அடிங்க."